சென்னியப்பன் மற்றும் பலர்

“…டாக்டர்னு சொல்லிப்போட்டாப் போச்சுங்களே அம்மணி. வாரவங்க என்ற சர்டிபிகேட்டையா கேக்கப்போறாங்க? ஒரு மணி நேரம் வாயைத் தொறக்காம உக்காந்திருக்கோணும், அவ்வளவுதானுங்களே. சம்பந்தம் பேசப் போற எடத்துலெல்லாம் நான் அதைத்தானுங்க செய்யறேன்.”

இதைச் சொன்னவர் சென்னியப்பன். பீளமேட்டிலிருந்து கணபதிக்குப் போகிற வழியில் அவருக்கு ஒரு ஹீட் ட்ரீட்மெண்ட் பட்டறை இருந்தது. பம்ப் செட்டுக்கும் மோட்டாருக்கும் போகிற இரும்புச் சாமான்களைப் பர்னஸ் என்கிற பெரிய உலையில் வைத்துச் சூடேற்றிப் பதப்படுத்தித் தருகிற இடம். அவர் பேசிக்கொண்டிருந்தது எங்கள் மேடத்திடம். மேடம், பீளமேட்டில் ஒரு கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளர். நான் அந்தத் துறையில் லேப் அசிஸ்டெண்ட். பட்டறையின் ஆபீஸ் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். சென்னியப்பன் சிரித்துக்கொண்டே சொன்னார். மேடம் சிரிக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. புதிதாகப் பேட்டரி ஆராய்ச்சிக்கு வந்திருக்கிற உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று போன மாதம்தான் தோன்றியது. உங்கள் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசையில் ஒரு பெண் போனைப் பார்த்துவிட்டு, “நேத்து ராத்திரில ரெண்டு ஏறியிருக்குது” என்றார். “காய்ச்சலா அம்மணி?” என்று கேட்டுவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய கட்டுரையை இன்னும் இரண்டு பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்களாம். அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாக இருக்கட்டும். ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை நான் கற்றுக்கொண்டது ஒரு இரும்புப் பட்டறையில்.

நான் முறையாகப் படித்து இந்தத் தொழிலுக்கு வந்தவன் இல்லை. கோபிசெட்டிபாளையத்தில் பிளஸ் டூ முடித்துவிட்டுக் கண்ணாடிக் குடுவை கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தேன். கழுவுகிற குடுவைக்குள் என்ன இருந்தது என்று கேட்டுக் கேட்டுத்தான் மின்வேதியியல் வந்தது. எண்கள் எனக்கு மறந்துபோகும். யார் எந்த இடத்தில் நின்று என்ன சொன்னார்கள் என்பது மட்டும் மறக்காது. அதனால் இதில் எண்களைத் தேடாதீர்கள்.

மேடம் அப்போது செய்துகொண்டிருந்தது லித்தியம் பேட்டரிக்குள் போகிற ஒரு கறுப்புப் பொடி. மாங்கனீசு கலந்தது. அதைப் பேட்டரியில் வைத்தால் நன்றாகத்தான் இருக்கும். திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றி இறக்கினால் கொஞ்ச நாளில் சோர்ந்துவிடும். அது ஏன் சோர்கிறது, சோராமல் செய்ய முடியுமா என்பதுதான் உலகத்தில் பல ஊர்களில் அன்று கேட்கப்பட்ட கேள்வி. எங்கள் ஊரில் அதைக் கேட்டவர் மேடம் ஒருவர்தான்.

பொடியை அதிகச் சூட்டில் பல மணி நேரம் வேகவைக்க வேண்டும். கல்லூரியில் இருந்த சின்ன பர்னஸ், கோடைக் காலத்தில் கரண்ட் ஏறி இறங்கிய வேகத்தில் சூடேற்றுகிற கம்பிச் சுருள் எரிந்து போனது. புதிது வாங்கித் தருவார்கள் என்று காத்திருந்தால் நான் ரிட்டயர் ஆகியிருப்பேன். அப்போதுதான் மேடம் ஊருக்குள் பட்டறை பட்டறையாகக் கேட்டுக்கொண்டு போனார். பல இடங்களில் மரியாதையாக உட்காரவைத்து, கலர் வாங்கிக் கொடுத்து, மரியாதையாகவே முடியாது என்று சொல்லி அனுப்பினார்கள். சென்னியப்பன் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“வெடிக்குமுங்களா?”

“வெடிக்காதுங்க ஐயா.”

“அப்ப வெச்சுக்கங்க. நாலு மோட்டார் சாஃப்டுக்கு நடுவுல உங்க கிண்ணம் ரெண்டு இருந்துபோட்டுப் போகுது.”

அறுபதை ஒட்டிய வயது அவருக்கு. கோபிப் பக்கம் வாழையும் நெல்லும் விளைகிற பூமியை விட்டுவிட்டு வந்து பட்டறை போட்டவர். வாரத்தில் ஆறு நாள் இரும்போடு இருப்பார். சனிக்கிழமை சாயங்காலம் பர்னஸை அணைத்துப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விடுவார். திங்கட்கிழமை காலையில்தான் கதவு திறக்கும்.

ஒரு சனிக்கிழமை எங்கள் கிண்ணங்கள் உள்ளே மாட்டிக்கொண்டன. சூடு குறையத் தொடங்கியதும் வெளியே எடுத்துவிட வேண்டும் என்பது மேடத்தின் முறை. அன்று உலகம் முழுக்க எல்லோருடைய முறையும் அதுதான். ஞாயிறு காலை திறந்து தர முடியுமா என்று கேட்டார்.

“கோவிச்சுக்காதீங்க அம்மணி. ஞாயித்துக்கெழமை அந்தக் கதவைத் தொறக்கறதில்லீங்க. அதுவும் வாரம் பூராச் சூட்டுலயே கெடக்குது. ஒரு நாளாச்சும் தானா ஆறட்டுமுங்க.”

திங்கட்கிழமை கெட்டுப்போன பொடி என்று நினைத்துத்தான் நான் கிண்ணத்தை வாங்கி வந்தேன். கொட்டிவிடலாமா என்று கேட்டேன். மேடம், “வந்தது வந்துருச்சுங்க தம்பி, ஒரு தடவை போட்டுத்தான் பாக்கலாமே” என்றார். போட்டுப் பார்த்தோம். அந்தப் பொடி சோரவில்லை. முதல் வாரம் நாங்கள் நம்பவில்லை. அடுத்த மாதமும் அது அப்படியே இருந்தது.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கதவு திறக்காமல் இருந்தது அதிர்ஷ்டம். அதற்குப் பிறகு நடந்தது அதிர்ஷ்டம் இல்லை. மெதுவாக ஆறினால் உள்ளே என்ன ஆகிறது, வேகமாக ஆறினால் எது குறைகிறது, எவ்வளவு மெதுவாக என்றால் போதும் என்று ஒன்றரை வருடம் அந்தம்மா விடவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு கிண்ணம் உள்ளே போகும். நடுவாரத்தில் வேண்டுமென்றே ஒன்றை வேகமாக எடுத்துக் கெடுத்துப் பார்ப்போம். யோசனை எல்லாம் அவருடையது. தூக்கிக்கொண்டு அலைந்தது நான். பர்னஸ் சென்னியப்பனுடையது.

கட்டுரை எழுதி முடிந்ததும் பெயர் போட வேண்டும். மேடம் ஒரு தாளில் மூன்று பெயர்களை எழுதினார். முதலில் சென்னியப்பன். இரண்டாவது அவர். கடைசியில் நான். என் பெயரை அதில் பார்த்ததை என்னாலேயே நம்ப முடியவில்லை, அது வேறு கதை. ஆனால் சென்னியப்பன் எப்படி முதலில் என்று கேட்டேன்.

“எங்க ஊட்டுக் கல்யாணப் பத்திரிகைல பெரியப்பா இருக்கறப்ப அப்பா பேரு மேல வந்ததில்லீங்க தம்பி. வயசுல மூத்தவரு. அடுப்புக் குடுத்திருக்கறாரு. அவரைக் கீழ போட்டுப்போட்டு நான் மேல உக்காந்தா நல்லாவா இருக்கும்?”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் பக்கம் யாரிடம் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற முறையிலேயே விஞ்ஞானக் கட்டுரைக்கும் பெயர் போட்டோம். வெளிநாட்டில் இருந்த ஆய்விதழ் ஆசிரியருக்கு இது எப்படித் தெரியும்? அப்படியே அச்சிட்டுவிட்டார்.

அச்சான பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது சென்னியப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “ஏனுங்க அம்மணி, இது என்ற பேருதானுங்களா?” என்று இரண்டு முறை கேட்டார். கொஞ்ச நாள் கழித்து மற்றவர்கள் எழுதிய கட்டுரைகளிலும் அந்தப் பெயர் வரத் தொடங்கியது. ஆங்கிலத்தில் அவர் பெயரைப் போட்டு, ‘மற்றும் பலர்’ என்பதற்கு லத்தீனில் இரண்டு சின்னச் சொல் போடுவார்கள் அல்லவா, அதை விரலால் தொட்டு இது என்ன என்று கேட்டார். மேடம் அர்த்தம் சொன்னார்.

“ஓ, நம்ம பத்திரிகைல கடைசில ‘சுற்றமும் நட்பும்’னு போடறமே, அதுங்களா?”

“அதேதானுங்க.”

“அப்ப நீங்க சுற்றம். இந்தக் கண்ணு நட்புங்களா?” என்று என் முதுகில் ஒரு தட்டு தட்டினார்.

பட்டறை முதலாளிகள் கூடுகிற இடத்தில் அவரைச் சும்மா விடவில்லை. “வாங்க விஞ்ஞானி, குண்டு எப்பங்க வெடிக்குது?” என்பார்கள். “வெடிக்கறதுக்கு முந்தி உங்களுக்குத்தானுங்க சொல்லி உடுவேன்” என்பார் இவர். கேலிதான். ஆனால் அவருக்குப் பிடித்திருந்தது. சட்டையில் இஸ்திரி மடிப்புக் கொஞ்சம் கூடியது. “எங்க பேட்டரி” என்று பேசத் தொடங்கினார். அதில் ஒன்றும் தப்பில்லை.

இனி அந்தக் காலத்து மேற்கோள் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்றுபோல் விரலால் தொட்டால் வருவது இல்லை. பெரிய ஊர்களில் பெரிய நூலகங்களில் தடித்தடியான புத்தகங்கள் இருக்கும். எழுத்து எறும்பு மாதிரி. எந்தக் கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று அதில் வரும். பாராட்டி எழுதினாலும் ஒன்று, குறை சொல்லி எழுதினாலும் ஒன்று. நாங்கள் அந்தப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. அதில் ஒரு வழக்கம் இருந்ததும் எங்களுக்குத் தெரியாது. ஒரு கட்டுரையை எத்தனை பேர் சேர்ந்து எழுதியிருந்தாலும், அது முதல் பெயரின் கீழேதான் வரும். மற்றவர்கள் அதில் இல்லவே இல்லை.

மேடம் டெல்லிக்கு ஒரு ஆய்வுத் திட்டம் எழுதி அனுப்பியிருந்தார். அது கிடைத்தால்தான் வேலை நடக்கும் என்ற நிலை. எங்கள் ஆய்வறையை அடுத்த கல்வியாண்டில் கம்ப்யூட்டர் வகுப்புக்கு எடுத்துக்கொள்வதாக நிர்வாகம் சொல்லியிருந்தது. திட்டம் வந்தால் அறை நிற்கும். வராவிட்டால் மேசைகளை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு, மேடம் முதலாண்டு மாணவர்களுக்கு உப்புப் பகுப்பாய்வு நடத்தப் போக வேண்டியதுதான். அவர் அத்தனை வருடம் கட்டியதெல்லாம் அந்த ஒரு அறையில் இருந்தது.

டெல்லியிலிருந்து பிரின்ஸ்பாலுக்குப் போன் வந்தது. பிரின்ஸ்பால் மேடத்தைக் கூப்பிட்டு விட்டார். மேடம் என்னையும் கூட வரச் சொன்னார்.

“ஏனுங்க மேடம், யாருங்க இந்த சென்னியப்பன்? நம்ம பிசிக்ஸ்ல இருக்கறவருங்களா?”

மேடம் முழித்தார்.

“நிபுணர் குழுத் தலைவர் மேற்கோள் புத்தகத்தை எடுத்துப் பாத்திருக்கறாருங்க. சென்னியப்பன் பேருல நீளமா இருக்குதாம். உங்க பேருல ஒண்ணுமே இல்லையாம். அவ்வளவு பெரிய ஆளு உங்க ஊர்ல இருக்கறப்ப, அவரை விட்டுப்போட்டு ஏன் வேற ஒருத்தர் எழுதியிருக்கறாங்கன்னு கேக்கறாரு. அவங்க இங்க வர்றப்ப அவரைப் பாக்கோணுமாம். அவரு திட்டத்துக்குத் தலைவரா இருந்தா உடனே குடுத்தரலாம்ங்கற மாதிரி பேசறாங்க.”

மேடம் யார் என்று சொன்னார். பிரின்ஸ்பால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை அவர். கல்லூரிக்கு ஒரு திட்டம் வர வேண்டும் என்ற கவலை அவருக்கு. “அவரையே தலைவராப் போட்டரலாமுங்களே. கையெழுத்து அவரு போடட்டும், வேலை நீங்க பாருங்க. யாருக்குங்க நட்டம்?” என்றார்.

அதைச் சொல்லத்தான் நாங்கள் பட்டறைக்குப் போனோம். தொடக்கத்தில் நான் சொன்ன அந்த ‘டாக்டர்’ பேச்சு அப்போது அவர் பேசியதுதான். சென்னியப்பன் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. மேடத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் எடுத்துச் சொன்னார்.

“நெலம் ஒருத்தரு பேருல இருக்கும், வெள்ளாம ஒருத்தரு பண்ணுவாங்க. நம்ம பக்கம் இல்லாததுங்களா? நானு உங்க நெலத்தைப் புடுங்கிக்குவேன்னு நெனைக்காதீங்க.”

“அய்யய்யோ, அப்படியெல்லாம் இல்லீங்க ஐயா.”

“பொறவென்னங்க?”

“யோசிச்சுச் சொல்றனுங்க. டெல்லிக்காரங்க வர்ற அன்னைக்கு மட்டும் வந்து உக்காருங்க, போதும்.”

பட்டறையிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. “அவரே மனசோட சொல்றாருங்க. ரூம் போச்சுன்னா எல்லாமே போச்சுங்க மேடம்” என்றேன். ஸ்டாப்பில் நின்று மேடம் குடையை மடக்கிக்கொண்டே பேசினார்.

“எங்கியோ ஒரு ஊர்ல ஒரு பொண்ணு நம்ம கட்டுரையப் படிச்சுப்போட்டு அதே மாதிரி செஞ்சு பாக்குதுன்னு வெச்சுக்கங்க தம்பி. வரலை. ஆறு மாசம் போயிருச்சு. யாரைக் கேக்கும்?”

“எழுதுனவங்களைத்தானுங்க.”

“மொதப் பேரைத்தான் கேக்கும். அன்னைக்கு இவரு என்ன சொல்லுவாரு? எனக்குப் பேரு வேணும்னு இல்லீங்க. மரியாதை பண்றதா நெனச்சு, பதில் சொல்ல முடியாத எடத்துல ஒரு பெரிய மனுசனைக் கொண்டுபோய் உக்காத்தி வெச்சிருக்கறேன். இப்பத் தலைவராவும் போட்டா, இன்னும் நாலு பேரு அவரை நம்பி வருவாங்க.”

உக்கடம் பஸ் வந்தது. ஏறிக்கொண்டார். என்ன செய்யப்போகிறார் என்று என்னிடமும் சொல்லவில்லை.

அவர் சொன்னதை நான் புரிந்துகொள்ளக் கொஞ்ச காலம் ஆயிற்று. உங்கள் கட்டுரையை ஒருவர் மேற்கோள் காட்டுகிறார் என்றால், உங்கள் பேச்சை நம்பி அவர் ஒரு காலை எடுத்து வைத்திருக்கிறார் என்று பொருள். முதல் பெயர் என்பது அவர் வழுக்கி விழுந்தால் வந்து தட்டுகிற கதவு. உள்ளே ஆள் இருக்க வேண்டும். உங்கள் போனில் எண் ஏறும்போது அதையும் ஒரு நொடி நினைத்துக்கொள்ளுங்கள்.

குழு வந்த நாள் காலையில் பிரின்ஸ்பால் அறையை ஒட்டிய நீள அறையில் மேசை போட்டிருந்தார்கள். டெல்லியிலிருந்து மூன்று பேர். தலைவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், டெல்லியில் வெகுகாலம் இருந்தவர். பிரின்ஸ்பால் சென்னியப்பனை மேசையின் தலைமாட்டில், பெரிய நாற்காலியில் உட்காரவைத்திருந்தார். மேடம் பக்கவாட்டில், கதவு ஓரமாக, பைல்களோடு. சுவரை ஒட்டி இருந்த பெஞ்சில் பொடி பாட்டில்களை மடியில் வைத்துக்கொண்டு நான்.

தலைவர் நேராகச் சென்னியப்பனிடம் வந்து இரண்டு கையாலும் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உங்களைப் பார்க்கணும்னுதான் நானே கிளம்பி வந்தேன். நாலு வருஷமா என் கட்டுரையில எல்லாம் உங்க பேரை எழுதிட்டிருக்கேன்.”

“சந்தோசமுங்க. நம்ம ஊருத் தண்ணி ஒத்துக்குச்சுங்களா?”

தலைவருக்கு அந்த எளிமை ரொம்பப் பிடித்துவிட்டது. பெரிய விஞ்ஞானிகள் இப்படித்தான் இருப்பார்கள் என்கிற மாதிரி மற்ற இருவரையும் பார்த்தார். பிறகு உட்கார்ந்துகொண்டு, “ஒரு விஷயம் மட்டும் முதல்ல கேட்டுடறேன். நாங்கள்லாம் சூடு இறங்க ஆரம்பிச்சதும் வெளியே எடுத்துடுவோம். ஒன்றரை நாள் அப்படியே உள்ளேயே விடணும்னு உங்களுக்கு எப்படித் தோணிச்சு?” என்றார்.

சென்னியப்பன் வாயைத் திறந்தார். “அது வந்துங்க…” என்றார். மேடத்தைப் பார்த்தார். பிரின்ஸ்பால் மேசைத் துணியின் ஓரத்தை இழுத்துச் சரி செய்தார். இன்னும் இரண்டு வார்த்தை ஏதாவது பொதுவாகச் சொல்லிவிட்டால் கடந்துபோய்விடும். எல்லோரும் சிரித்த முகமாகத்தான் இருந்தார்கள்.

மேடம் எழுந்தார்.

“சார், இதுக்கு நான் பதில் சொல்லோணுமுங்க. இவர் விஞ்ஞானி இல்லை. பட்டறை வெச்சிருக்கார். பர்னஸ் இவருது. ஞாயிற்றுக்கிழமை கதவு திறக்கறதில்லைங்கறது இவரோட வழக்கம். அதனாலதான் முதல் தடவை அது ஆறுச்சு. ஏன் சோரலைன்னு கண்டுபிடிச்சது நான். கட்டுரை எழுதினதும் நான்.”

“அப்ப இவர் பேர் ஏன் முதல்ல இருக்கு?”

“எங்க ஊர்ல கல்யாணப் பத்திரிகைல மூத்தவங்க பேரைத்தான் முதல்ல போடுவோமுங்க. அப்படிப் போட்டுட்டேன்.”

குழுவில் ஒருவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். தலைவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“அம்மா, எங்க புத்தகத்துல உங்க பேர் இல்லை. இருக்கிற பேரு வேலை செய்யாத பேருங்கறீங்க. அதைப் போட்டதும் நீங்கதான். இனிமே நீங்க எழுதற பேரை எல்லாம் நான் எப்படி நம்பறது?”

பிரின்ஸ்பாலின் முகம் வெளுத்துப்போயிற்று. கம்ப்யூட்டர் வகுப்புக்கு எங்கள் மேசைகள் வெளியேறுவதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன். மேடத்தின் குரல் மட்டும் அப்படியே இருந்தது.

“நம்ப வேண்டாமுங்க சார். கேள்வி கேளுங்க. எவ்வளவு நேரம் ஆனாலும் கேளுங்க. பதில் வரலைன்னா குடுக்க வேண்டாம்.”

திட்டம் கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது. கேட்டதைவிடச் சிறியது. முதலில் ஒரு வருடத்துக்கு மட்டும். அதற்குள் அடுத்த கட்டுரையை மேடமே முதல் பெயராக நின்று எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு, மேடத்தின் பெயரில் வந்தது. அறை தப்பியது. பழைய கட்டுரையை ஒன்றும் செய்ய முடியவில்லை. அச்சில் ஏறியது ஏறியதுதான், இன்றும் அதில் முதல் பெயர் சென்னியப்பன்தான். மேடம் பஸ் ஸ்டாப்பில் சொன்ன மாதிரியே, ‘நாங்கள் செய்தால் அப்படி வரவில்லை’ என்று குளிர் நாடு ஒன்றிலிருந்து ஒருவர் எழுதியதும் நடந்தது. மேடம் பதில் எழுதினார். அவர்கள் பர்னஸ் சின்னது, சீக்கிரம் ஆறிவிடுகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார். அவர்களுக்கும் வந்தது. அந்த நன்றியை அவர்கள் அடுத்த கட்டுரையில் மேடத்தின் பெயரைச் சொல்லியே எழுதினார்கள். எனக்கு அவர் பாடம் சொல்லித் தந்து, என்னையும் நாலு பேர் கேள்வி கேட்கிற இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது அதற்குப் பிறகு.

அதெல்லாம் பின்னால். அந்த அறையில், மேடம் “கேளுங்க” என்று சொல்லி முடித்த நிமிஷத்தில், இது எதுவும் யாருக்கும் தெரியாது. தலைவர் கண்ணாடியை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார். முதல் கேள்வியை ஆங்கிலத்தில் தொடங்கினார். மேடம் கதவு ஓரத்தில் நின்றபடியே பதில் சொல்ல ஆரம்பித்தார். பைல்களை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு, மறு கையால் தாள்களைப் புரட்ட வேண்டியிருந்தது.

அப்போது சென்னியப்பன் எழுந்தார். கோபமா, அவமானமா என்று தெரியவில்லை. எழுந்து வெளியே போகப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் உட்கார்ந்திருந்த பெரிய நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்தார்.

“சித்த இருங்க சார்” என்றார் தலைவரிடம். பிறகு மேடத்தைப் பார்த்து, “இக்கட்ட வந்து உக்காருங்க அம்மணி. கேக்கறவங்களுக்கு மூஞ்சி தெரியோணுமல்ல” என்றார்.

மேடம் தயங்கினார். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டே நின்றார். மேடம் வந்து உட்கார்ந்த பிறகுதான் கையை எடுத்தார். நேராக என் பெஞ்சுக்கு வந்து, பாட்டில்களை ஒதுக்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்தார்.

கேள்விகள் போய்க்கொண்டே இருந்தன. அவருக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. கொஞ்ச நேரம் கழித்து என் காதருகே குனிந்தார்.

“இப்ப என்ன கேக்கறாங்க கண்ணு?”

“மெதுவா ஆறுனா எதனால நல்லா வருதுன்னு கேக்கறாங்க.”

“அம்மணி பதில் சொல்லுதா?”

“சொல்றாங்க.”

தலையை ஆட்டிக்கொண்டார். அந்த நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு கேன்டீன்காரர் டீத் தட்டோடு உள்ளே வந்தார். மேடம் ஒரு பதிலின் நடுவில் இருந்தார். விருந்தாளி வந்தால் முதலில் டீ வந்ததா என்று கேட்கிற சென்னியப்பன், பெஞ்சிலிருந்து எழுந்து இரண்டு எட்டு வைத்துப் போய், அந்தத் தட்டைத் தன் இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டு, மேடம் பேசி முடிக்கிறவரை வாசலிலேயே நின்றார்.